எங்கே இருந்தாலும் கண்டிப்பா

ராஜபாளையம் தென்காசி ரோட்டில் பிறை ஸ்டுடியோ வைத்திருந்த அய்யூப் நல்லவன். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று அவன் மனதார நினைத்ததில்லை. அவனிடம் இருந்த ஒரே கோளாறு 'கண்டிப்பா' என்கிற வார்த்தை. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நாளைக்குக் கிடைக்குமா என்று கேட்டால் கண்டிப்பா என்பான். கல்யாண ஆல்பம் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றால் அதற்கும் கண்டிப்பா. வெள்ளிக்கிழமை போய் நின்றால் முகம் கோணாமல் சிரித்துக்கொண்டு, "திங்கக்கிழமை கண்டிப்பா. நீங்க அலைய வேண்டாம், நானே நேர்ல கொண்டாந்து தாரேன்" என்பான். கேட்டதற்கு மேலே ஒரு வாக்கைச் சேர்த்துக் கொடுப்பதில் அவனுக்குத் தாராள மனசு.

ஊர் மட்டும் என்ன யோக்கியமா? 'பாக்கலாம்' என்று ஒருத்தர் சொன்னால் அது நடக்காது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். 'வரப் பாக்கேன்' என்பவர் வரமாட்டார். பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு 'கட்டாயம் வந்துருவோம்' என்றவர் முகூர்த்தத்தன்று தூத்துக்குடியில் இருப்பார். 'சத்தியமா' என்று ஒருத்தன் பேச்சை ஆரம்பித்தாலே கேட்கிறவன் உஷாராகிவிடுவான். இத்தனை உறுதியான வார்த்தைகளை வைத்துக்கொண்டு இத்தனை உறுதியில்லாமல் வாழ நம் ஆட்களால்தான் முடியும். தெலுங்கு பேசுகிற ராஜுக்கள் வீட்டு ஆர்டர் பிடிப்பதற்காக அய்யூப் கண்டிப்பாவைத் தெலுங்கில் 'தப்பகுண்டா' என்று சொல்லவும் பழகியிருந்தான். தெலுங்கிலும் அவனுடைய வெள்ளிக்கிழமை திங்கட்கிழமைதான்.

அவன் மனைவி நூர்னிசாவுக்கு இது பிடிக்காது.

"ஏங்க, நாளைக்கு நடக்கப்போறதை நீங்க எப்படிக் கண்டிப்பான்னு சொல்லுவீங்க? இன்ஷா அல்லாஹ்ன்னு சொன்னா வாய் வலிக்குதா?"

கடை வைத்த புதிதில் அவனும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு நாள் ஒரு பஞ்சுமில்காரர், "பாய், அல்லா நாடுனா எப்பக் கிடைக்கும்னு அல்லாகிட்ட கேட்டுக்கிடுதேன். நீ நாடுனா எப்பக் கிடைக்கும், அதைச் சொல்லு" என்று கேட்டுவிட்டு எதிர்த்த ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார். அன்றோடு அதை வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் என்று ஒதுக்கி வைத்துவிட்டான். கொஞ்ச நாளில் வீட்டிலும் அது வாயில் வராமல் போயிற்று.

எண்பத்தாறாம் வருஷம் ஆடி மாதம் நூர்னிசாவுக்கு ஏழு மாதம். அதற்கு முன்னால் இரண்டு தடவை வயிற்றில் தங்கிக் கைக்கு வராமல் போனது. முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில். இரண்டாவது நாள் நெருங்கி, வலி வருவதற்கு முன்பே உள்ளே அசைவு நின்று, அப்படியே பிறந்தது. அதிலிருந்து அவள் காலையில் எழுந்ததும் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, அசைவு தெரிகிற வரைக்கும் பாயை விட்டு எழுந்திருக்க மாட்டாள். "இந்தத் தடவை கண்டிப்பா நல்லபடியா..." என்று அய்யூப் ஆரம்பித்தால் எட்டி அவன் வாயைப் பொத்திவிடுவாள். இந்தப் பிள்ளை உயிரோடு வந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டில் அப்போது வேறு ஆசை எதுவும் கிடையாது.

ஆடிப்பூரத்தன்று பதினோரு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஐயாதுரை என்று ஒருவர் வந்தார். முன்பு ஒரு காதுகுத்துக்குப் படம் எடுத்த வகையில் பழக்கம்.

"பாய், மடவார் வளாகத்துல ஒரு துட்டி. எங்க பக்கத்து வீட்டுச் சங்கையா அண்ணாச்சி தவறிட்டாவ. ஆயுசுல ஒரு போட்டோ எடுத்துக்கிடாத மனுசன். எங்கூர் ஸ்டுடியோக்காரப் பயலுவ அம்புட்டுப் பேரும் தேருக்குப் பின்னால போயிட்டானுவ. செத்த நேரம் வந்துட்டுப் போங்க."

அந்தக் காலத்தில் இது ஸ்டுடியோக்காரர்களுக்கு வாடிக்கையான வேலை. உயிரோடு இருக்கும்போது எடுக்காத படத்தைச் செத்தபிறகு நாற்காலியில் உட்கார வைத்து எடுத்துக்கொள்வார்கள். அய்யூப் யாஷிகா கேமராவையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

ஆண்டாள் தேர் நிலைக்கு வராமல் பிணத்தை எடுக்க முடியாது என்று வீடு காத்துக்கொண்டிருந்தது. ஊர்ச்சனம் எல்லாம் தேரோட்டத்தில் இருந்ததால் துட்டிக்குக் கூட்டம் இல்லை. நாலைந்து பெண்கள், இரண்டு கிழவர்கள். சங்கையாவை ஒரு மர நாற்காலியில் உட்காரவைத்து, நெஞ்சோடு சேர்த்து வேட்டியால் கட்டி, மேலே மாலையைப் போட்டிருந்தார்கள். வலது பக்கம் அவருடைய மனைவி அழகுத்தாய், ஐம்பத்தைந்து வயசு இருக்கும். இடது பக்கம் சங்கையாவின் அண்ணன் சமுத்திரம், கல்யாணம் கட்டிக்கொள்ளாதவர். பிள்ளை குட்டி இல்லாத அந்த வீட்டில் மொத்தமே இந்த மூன்று பேர்தான்.

நல்ல உச்சிவெயில். ஆனால் பட்டாசல் கூடத்துக்குள் வெளிச்சம் இல்லை. கரண்டும் போயிருந்தது, பிளாஷில் பாட்டரியும் தீர்ந்திருந்தது. அய்யூப் கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, ஒரு செகண்டுக்குத் திருப்பி வைத்தான்.

"ஒரு செகண்டு மூச்சைப் பிடிச்சுக்கோங்க. யாரும் அசையக் கூடாது."

"அவிய அசைய மாட்டாவ" என்றாள் அழகுத்தாய். அழுது முடித்த குரலில் மிகச் சாதாரணமாகச் சொன்னாள்.

தூரத்தில் தேர்வடம் பிடிக்கிற இரைச்சல் கேட்டது. அய்யூப் படத்தை எடுத்தான், ஸ்டாண்டை மடக்கினான், வாரைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் கால் வைத்தான். மனசு பஸ் நேரத்தில் இருந்தது. வாய் அதன்பாட்டுக்கு அதன் வேலையைச் செய்தது.

"வியாழக்கிழமை கண்டிப்பா வாரேன்மா."

துட்டி வீட்டிலிருந்து யாரும் 'வாரேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. மற்ற வீடுகளில் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லாமல் எழுந்து போனால் அதைவிட மரியாதைக்கேடு கிடையாது. துட்டி வீட்டில் மட்டும் சொல்லிவிட்டால், இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். அதனால் எழுந்து, துண்டை உதறி, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விடுவார்கள். இந்துவோ முஸ்லிமோ, தெருவில் பம்பரம் விடுகிற பொடியனுக்குக்கூட இது தெரியும். அய்யூப்புக்கும் தெரியும். சொன்ன அந்த நொடியே தெரிந்துவிட்டது.

பெண்களின் அழுகை நின்றுபோயிற்று. ஐயாதுரை பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அழகுத்தாய் மட்டும் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள்.

"வியாழக்கிழமையா?" என்றாள்.

அவன் ஓட்டமாக பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டான்.

மறுநாள் டார்க் ரூமில் பிலிமைக் கழுவிக் காயப்போட்டு, லென்ஸை வைத்துப் பார்த்தான். ஒரு செகண்டு என்பது உயிருள்ள உடம்புக்கு ரொம்ப நேரம். எவ்வளவு அடக்கினாலும் இமை துடிக்கும், தோள் ஏறி இறங்கும், படத்தில் ஓரமெல்லாம் கலங்கிவிடும். அழகுத்தாயின் முகம் அப்படித்தான் கலங்கியிருந்தது. சங்கையா கூர்மையாக விழுந்திருந்தார், அது இயற்கை. ஆனால் சமுத்திரமும் அதே கூர்மை. கண்ணிமை முடியை எண்ணிவிடலாம். அவரையும் நாற்காலியில் கட்டி வைத்து எடுத்தது போல இருந்தது. 'மனுசன் மூச்சை நல்லாப் பிடிச்சிருக்காரு' என்று சொல்லிக்கொண்டு அய்யூப் நெகட்டிவைக் கவரில் போட்டான். விரல்நுனி மட்டும் சில்லிட்டிருந்தது, தண்ணீரில் நனைந்ததால் என்று வைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமைக்குள் பிரிண்ட் போடவில்லை. போடுகிற உத்தேசமும் இல்லை. அந்த வீட்டுப் பக்கமே போகக் கூடாது, தபாலில் அனுப்பிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தான். வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கடை வாசலில் ஐயாதுரை வந்து நின்றார்.

"சமுத்திரம் அண்ணாச்சி காலையில எந்திரிக்கலை பாய்." அவர் அய்யூப்பின் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்தம்மா உங்களைத்தான் கூட்டியாரச் சொன்னாவ. வேற ஆளு வேண்டாம்னுட்டாவ."

ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம்தான். கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே கிளம்பினான். கடை வைத்த ஒன்பது வருஷத்தில் அய்யூப் சொன்ன நாளில் சொன்ன இடத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. உள்ளே நுழைந்ததும் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். பின்னால் ஒரு பெண், "சொன்னபடி வந்துட்டானே" என்று முணுமுணுத்தாள். அதே நாற்காலி. அதே ஒரு செகண்டு. நாற்காலிக்குப் பக்கத்தில் இப்போது அழகுத்தாய் மட்டும் நின்றாள். படத்தை எடுத்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியேறினான். தெரு முனை வரைக்கும் இருமக்கூட இல்லை.

அடுத்த வியாழக்கிழமை அழகுத்தாயே கடைக்கு வந்துவிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, படத்தைக் கேட்டாள். அய்யூப் இரண்டு பிரிண்டையும் தயாராகப் போட்டு வைத்திருந்தான். கவரோடு நீட்டினான். அவள் சமுத்திரத்தின் படத்தை விட்டுவிட்டு முதல் படத்தையே நெடுநேரம் பார்த்தாள்.

"நான் மட்டும் கலங்கிப்போயிருக்கேனே?"

"அசைஞ்சிட்டீங்கம்மா. மூச்சு விட்டா அப்படித்தான் விழும்."

அவள் விரல் சமுத்திரத்தின் முகத்துக்கு நகர்ந்தது. "அத்தான் அசையலையோ?"

அய்யூப் மேஜையைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான்.

"அன்னைக்கு அவிய உசுரோடதானே நின்னாவ" என்றாள் அவள். பிறகு இரண்டாவது படத்தில் தன் முகத்தைத் தேடிப் பார்த்தாள். அதிலும் கலங்கல்தான். அவளுக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. படங்களைக் கவரில் போட்டு அவன் பக்கமே தள்ளினாள்.

"இது இங்கயே இருக்கட்டும் தம்பி. நீங்க வீட்டுக்குக் கொண்டாந்து தாங்க. என்னைக்கு வருவீங்க? அன்னைக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

அய்யூப் கவரைத் திரும்ப அவள் பக்கம் நகர்த்தினான். "கையோட கொண்டு போயிருங்கம்மா."

"எனக்குப் படமா வேணும்? அந்த வீட்ல மூணு பேரு இருந்தோம். பொழுதடைஞ்சா இன்னும் மூணு தட்டைக் கழுவி வைக்கேன். எனக்கு நோயும் இல்ல நொடியும் இல்ல, இன்னும் எம்புட்டுக் காலம் கிடக்குமோ இந்தக் கட்டை. ஒரு வார்த்தைதானே. ஊருக்கெல்லாம் சொல்லுதீங்க, எனக்குச் சொல்லக் கூடாதா?"

அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். அவள் கோபப்படவில்லை. "அடுத்த வியாழக்கிழமை வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னபடியே அடுத்த வியாழக்கிழமை வந்தாள். அதற்கடுத்த வியாழக்கிழமையும் வந்தாள். சத்தம் போட மாட்டாள், அழ மாட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து, கடைக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்வியையும் அவன் சொல்கிற பதிலையும் கவனித்துக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அய்யூப்புக்கு அந்த வார்த்தையே தொண்டையில் சிக்கிக்கொள்ள ஆரம்பித்தது. நாளைக்குக் கிடைக்குமா என்று கேட்டால், "கிடைக்கலாம்" என்றான். "ஏன் பாய், கண்டிப்பாக் கிடைக்காதா?" என்று கேட்டால் விழித்துக்கொண்டு நின்றான். இவன் ஒழுங்காக நாளைக்கே கொடுத்தான் என்பதுதான் வேடிக்கை. ஆனால் ஜனங்களுக்கு வேண்டியது நாளைக்குப் போட்டோ இல்லை, இன்றைக்கு ஒரு கண்டிப்பா. ஒவ்வொருவராக எதிர்த்த ஸ்டுடியோவுக்கு நகர்ந்தார்கள். நூர்னிசாவிடம் அவன் எதையும் சொல்லவில்லை. எட்டு மாதம் முடிகிறவளிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

நாலாவது வியாழக்கிழமை அவன் கடையைத் திறக்கவே இல்லை. காலையிலிருந்து பள்ளிவாசலில் ஒரு தூணோரம் உட்கார்ந்திருந்தான். மதிய லுஹர் தொழுகை முடிந்து, இந்நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பாள் என்று வீட்டுக்குப் போனான். வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. உள்ளே அழகுத்தாய் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் டீ டம்ளர்.

"இந்தம்மா உங்களைத் தேடி ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வந்துருக்காவ" என்றாள் நூர்னிசா. "பாவம், அவியளுக்கு யாருமே இல்லையாம்."

அழகுத்தாய் அவனைப் பார்க்கவில்லை. நூர்னிசாவின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து டம்ளரைக் கீழே வைத்து, தரையில் கையூன்றி எழுந்தாள். முந்தானையை ஒரு தடவை உதறினாள். நூர்னிசாவின் முகத்தைப் பார்க்காமல், அய்யூப்பின் முகத்தையும் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போனாள்.

"இது என்னங்க?" நூர்னிசா வாசலையே பார்த்தாள். "அம்புட்டு நேரம் வாய் நிறையப் பேசிக்கிட்டு இருந்தாவ. போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லாம... துட்டி வீட்ல இருந்து போற மாதிரி..."

"மறந்திருப்பாவ" என்றான் அய்யூப்.

நூர்னிசா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். இரண்டு கையும் வயிற்றின் மேல் இருந்தது.

"உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். காலையில இருந்து புள்ள அசையலங்க. அந்தம்மாகிட்டதான் சொன்னேன். பயப்படாத, அசையும்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ. பொறவு பேசாம ஆயிட்டாவ."

அய்யூப் வெறுங்காலோடு ஓடினான். தார் ரோடு சுட்டது. மதியத் தொழுகைக்குப் பிறகு தெருவே கதவைச் சாத்திவிட்டு உறங்கியது, ஒரு நாய்கூட எதிரே வரவில்லை. பஸ் நிற்கிற வேப்பமரத்தடியில் அழகுத்தாய் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்மா ஒன்னுஞ் சொல்லாம வந்தீங்க?"

"துட்டி வீட்ல சொல்லக் கூடாதுல்லா."

"அது துட்டி வீடு இல்லம்மா!" அவன் கத்தினான். கத்தியதில் அழுகை கலந்திருந்தது. "அந்த வார்த்தையை வாயால சொல்லாதீங்க. நாங்க உங்களுக்கு என்ன பாவம் செஞ்சோம்?"

"ஒரு பாவமும் செய்யல தம்பி. அந்தப் புள்ளைய எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு." அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "நான் வேணும்னு செய்யல. அசையலன்னு அது சொல்லிச்சா, அதுக்குப் பொறவு எனக்கு அந்த வீட்ல 'வாரேன்'ங்கிற சொல்லே வாயில வரலை. அசையாம இருக்கிறதை நான் ரெண்டு தடவை பாத்துட்டேனே."

"திரும்பி வந்து சொல்லுங்க. உங்க கால்ல விழுதேன். வாசல்ல நின்னு ஒரு தடவை சொல்லிட்டுப் போங்க."

அவள் அவனை நிதானமாகப் பார்த்தாள். "நானும் உங்ககிட்ட ஒரு வார்த்தைதான் கேட்டேன்."

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு விசில் ஊதினார். பஸ் போய்விட்டது. அய்யூப் கண்ணை மூடிக்கொண்டான். நூர்னிசாவின் இரண்டு கையும் வயிற்றின் மேல் இருந்தது மட்டும்தான் தெரிந்தது.

"வியாழக்கிழமை கண்டிப்பா வாரேன்" என்றான். ஒரு மாதமாக அடைத்துக் கிடந்தது திறந்துகொண்டதும் பின்னாலேயே மற்றதும் வந்தது. "போட்டோவை என் கையாலேயே கொண்டாந்து தாரேன். நீங்க எங்க இருந்தாலும் நேர்ல வந்து தாரேன்மா, கண்டிப்பா!"

அழகுத்தாயின் முகம் தெளிந்தது. பிறகு ஏதோ உறைத்தது போல அவனை உற்றுப் பார்த்தாள். அவள் பார்வையில் இரக்கம் இருந்தது.

"எங்க இருந்தாலுமா? அம்புட்டு ஏன் தம்பி சொன்னீங்க? வாரேன்னு சொன்னாப் போதுமே."

அவனுக்கு அது காதில் ஏறவே இல்லை. "வாங்கம்மா, வாங்க" என்று அவள் கையைப் பிடிக்காத குறையாக நடத்திக்கொண்டு வந்தான்.

அவள் வாசற்படியில் ஏறி நின்றாள். "ஏட்டி நூரு" என்று பெற்ற மகளைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டாள். "போயிட்டு வாரேன் தாயி. வாரேன்."

அய்யூப் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு உள்ளேயிருந்து நூர்னிசாவின் குரல், சிரிப்பும் அழுகையுமாக வந்தது.

"அசையுதுங்க! இந்தா, உதைக்குது, வந்து பாருங்க!"

அவன் உள்ளே ஓடி, அவள் வயிற்றில் கையை வைத்து, அந்த உதையை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது ரப்பர் செருப்பு வாசலில் இல்லை.

அடுத்த வியாழக்கிழமை ஐயாதுரை வரும்போது அய்யூப் கேமராவும் ஸ்டாண்டும் கவருமாகத் தயாராக இருந்தான். பஸ்ஸிலிருந்து இறங்குகிற நேரத்தில்தான் ஐயாதுரை வாய் திறந்தார்.

"ராத்திரி நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாவ. வீட்டைக் கழுவி விட்டு, நாற்காலியை எடுத்து அவியளே பட்டாசல்ல போட்டு வச்சிருக்காவ. நாளைக்குப் போட்டோக்கார பாய் கண்டிப்பா வருவாருன்னாவ. எதுக்குன்னு கேட்டேன், சிரிச்சாவ."

அந்த நாற்காலியில்தான் அவளை வைத்திருந்தார்கள். பக்கத்தில் நிற்க ஆள் யாரும் இல்லை. "ஒரு செகண்டு" என்று பழக்கத்தில் சொல்ல வாயெடுத்தவன், யாரிடம் சொல்வது என்று நிறுத்திக்கொண்டான். அவள் முகம் இந்தத் தடவை கலங்காது என்று படம் எடுக்கும்போதே தெரிந்தது. அவளை நினைத்து அய்யூப் அழுதான். தன் வீட்டுக்காக ஒரு மனுஷியை விலைபேசிவிட்டோம் என்று அழுதான். அவள் கேட்டதைத்தானே கொடுத்தோம் என்றும் சமாதானம் சொல்லிக்கொண்டான். இரண்டில் எதுவும் மனசில் ஒட்டவில்லை.

கவரை யாரிடமாவது கொடுத்துவிடப் பார்த்தான். ஐயாதுரை இரண்டடி பின்னால் தள்ளி நின்று கையை எடுத்துவிட்டார்.

"எங்களுக்கு எதுக்கு பாய்? அவியகிட்டதானே தாரேன்னு சொன்னீங்களாம். எங்க இருந்தாலும் கொண்டாந்து தருவாருன்னு ராத்திரி அம்புட்டுச் சந்தோசமாச் சொன்னாவ."

வேப்பமரத்தடியில் அவள் கேட்டதற்கு அர்த்தம் அப்போதுதான் அய்யூப்புக்கு விளங்கியது. ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினான். அந்தக் கவரை எரிக்கவும் முடியவில்லை, கிழிக்கவும் முடியவில்லை. கடையிலும் வைக்கப் பயந்து, வீட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தான்.

புரட்டாசியில் பெண்பிள்ளை பிறந்தது. தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திக்கொண்டு பிறந்தது. மாஜிதா என்று பெயர் வைத்தார்கள். நூர்னிசா சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. நாற்பது கழிந்த அன்று குளித்து, தலைக்கு மல்லிகை வைத்துக்கொண்டு, மூன்று பேரும் சேர்ந்து ஒரு படம் எடுத்தே ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

மதியம், கரண்டு இல்லை. அய்யூப் ஜன்னல் ஓரமாக அவர்களை உட்காரவைத்து, ஸ்டாண்டை நிறுத்தி, ஒரு செகண்டுக்குத் திருப்பினான். தானாக விழுகிற பொத்தானைத் தட்டிவிட்டு, ஓடி வந்து பக்கத்தில் நின்றான். ஓடி வந்த வேகத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது, மூச்சு வாங்கியது. கேமரா 'களுக்' என்றது.

மறுநாள் டார்க் ரூமிலிருந்து வரும்போதே கையில் ஈரப் பிரிண்ட். மாஜிதா காலை உதைத்திருந்தாள், கைகால் எல்லாம் ஒரே புகை. நூர்னிசாவின் முகமும் சிரிப்பில் கலங்கியிருந்தது. அந்தக் கலங்கலைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு நெஞ்சு நிறைந்து கண்ணில் நீர் வந்தது. அதற்குப் பிறகுதான் வலது ஓரத்தைப் பார்த்தான். அதை மறைக்க வழி இல்லாமல் நூர்னிசாவிடம் நீட்டினான்.

"இந்தா பாருங்க அதிசயத்தை" என்று அவள் சிரித்தாள். "எந்தப் படத்துலயும் ஓடி வந்து நின்னு கலங்கித்தான் விழுவீங்க. இதுல நாங்க ரெண்டு பேரும் கலங்கியிருக்கோம், நீங்க மட்டும் எம்புட்டுத் தெளிவு! கண்ணிமையை எண்ணிரலாம் போல."

"ம்" என்றான் அய்யூப்.

அவள் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, தள்ளி நின்று அழகு பார்த்தாள். மேல்தட்டில் அந்தக் கவரின் முனை நீட்டிக்கொண்டிருந்தது.

"வார பெருநாளைக்கு இவளுக்கு முதல் சட்டை. நான் எடுக்க மாட்டேன். நீங்கதான் கடைக்குப் போயி உங்க கையால எடுத்துட்டு வரணும். என்னங்க, வருவீங்கதானே?"

பெருநாளைக்கு இன்னும் ஏழெட்டு மாதம் இருந்தது. பழைய வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அய்யூப் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டான், அது காலால் அவன் நெஞ்சில் உதைத்தது.

"இன்ஷா அல்லாஹ்" என்றான்.

நூர்னிசா அப்படியே நின்று அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

"எத்தனையோ வருசமாச் சொல்லச் சொல்லுதேன். இன்னைக்குத்தான் திரும்ப உங்க வாயில வந்துச்சு" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு அசீனாவிடம் அதைச் சொல்ல வேகமாக வெளியே போனாள்.